ஒரு டாலருக்கு ஒரு பட்டாளம்

2005 பிப்ரவரி 1. ஈராக்கில் இயங்கிவந்த ஒரு தீவிரவாதக் குழு இணையத்தில் ஒரு போட்டோவைப் போட்டது. ராணுவ உடையில் ஒரு அமெரிக்க சிப்பாய் தரையில் உட்கார்ந்திருக்கிறான். கை ரெண்டும் பின்னாடி கட்டின மாதிரி இருக்கு. அவனுக்குப் பின்னால் கறுப்புத் துணியில் அரபி எழுத்து. தலைக்கு நேரா ஒரு துப்பாக்கி. பிடிபட்டவன் பேரு ஜான் ஆடம், சிறையில் இருக்கிற எங்க ஆளுங்களை 72 மணி நேரத்துக்குள்ள விடலேன்னா இவன் தலையை வெட்டிருவோம்னு மிரட்டல் வேற. செய்தி நிறுவனங்கள் எல்லாம் அடிச்சுப் பிடிச்சு செய்தி போட்டுட்டாங்க.

அமெரிக்க ராணுவம் ஆளுங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தது. யாரும் காணாமப் போகலை. அப்புறம்தான் சிலர் போட்டோவை உத்துப் பார்த்தாங்க. ஆளு கொஞ்சம் அதிகமாவே விறைப்பா இருக்கானே? கடைசியில் ஒரு பொம்மை கம்பெனிக்காரங்க வாயைத் திறந்தாங்க. டிராகன் மாடல்ஸ்னு பேரு. அது எங்க பொம்மை, பேரு 'ஸ்பெஷல் ஆப்ஸ் கோடி', குவைத்தில் இருக்கிற அமெரிக்க ராணுவ கேம்ப் கடைகளில் விக்கிறதுக்காகச் செஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. தலைக்கு நேரா நீட்டியிருந்த துப்பாக்கிகூட அந்தப் பொம்மையோட பெட்டியில வர்ற துப்பாக்கி மாதிரியே இருந்தது. பணயக்கைதியும் ஆயுதமும் ஒரே பெட்டியில வந்திருக்கு :-)

கோடி கொஞ்சம் காஸ்ட்லியான ஆளு. அவனோட ஏழைச் சொந்தக்காரங்களைப் பத்தித்தான் இந்தப் பதிவு. அமெரிக்காவில் எந்த டாலர் கடைக்குள்ள போனாலும், பலூன், பிறந்தநாள் தொப்பி எல்லாம் தாண்டி கடைசி வரிசையில தொங்கிட்டு இருப்பாங்க. போன மாசம் ஷாம்பு வாங்கப்போன நான் ஒரு பாக்கெட் எடுத்துட்டு வந்தேன். உள்ளே நாலு இஞ்ச்சுக்குக் கொஞ்சம் கம்மியான உயரத்தில் ரெண்டு வீரர்கள். ஒரு மணல்மூட்டைச் சுவர், முள்கம்பி வேலி ஒரு துண்டு, ஒரு ரேடியோ, ஏழு துப்பாக்கி. ரெண்டு பேருக்கு ஏழு துப்பாக்கி. அதுல ஒண்ணுகூட எவன் கையிலும் நிக்கலை. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. ஒருத்தனுக்கு மட்டும் மீசை மாதிரி ஒரு கறுப்புக் கோடு, அதுவும் உதட்டுக்கு மேல இல்லாம கன்னத்துக்குப் பக்கத்துல.

ஏன் ஏழு துப்பாக்கி? ஏன் ஒரே மூஞ்சி? படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிறது சாஃப்ட்வேர்ங்கிற கோஷ்டியைச் சேர்ந்தவன் நான். கேள்வி மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. நோண்டிப் பார்த்ததில் நூறு வருசத்துக்கு மேல பின்னாடி போக வேண்டியதாப் போச்சு.

பொம்மைச் சிப்பாய்ங்கிறது ரொம்ப நாள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம். ஜெர்மனியில், குறிப்பா நியூரம்பர்க் பக்கம், 18ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்கள் செஞ்சாங்க. அப்புறம் கனமான, முழு உருவ ஈயச் சிப்பாய்கள். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி ஒரு வேலை பண்ணுச்சு. உருக்கின ஈயத்தை அச்சுக்குள்ள ஊத்தி, ஓரத்துல ஒட்டினது மட்டும் இறுகினதும் மிச்சத்தை வெளியே கொட்டிடறது. உள்ளே வெறும் கூடு. வெளியே பார்த்தா அதே கம்பீரமான சிப்பாய். ஈயச் செலவும் கம்மி, கப்பல்ல அனுப்புற எடையும் கம்மி. ஜெர்மன்காரங்களை இங்கிலாந்து மார்க்கெட்டில் விலையாலேயே அடிச்சாங்க. மலிவு சிப்பாய் வரலாறு இந்தக் கூட்டுலதான் ஆரம்பிக்குதுன்னு நான் சொல்லுவேன். உள்ளே என்ன இருக்குன்னு எந்தப் பையனும் வெட்டிப் பார்க்கப் போறதில்லை, இல்லீங்களா?

அமெரிக்காவில் இதுக்குச் சரியான இடம் வுல்வொர்த் மாதிரியான 'ஃபைவ் அண்ட் டைம்' கடைகள். அஞ்சு சென்ட், பத்து சென்ட்டுக்குச் சாமான் விக்கிற கடைகள், இன்றைய டாலர் கடைக்குத் தாத்தா. 1930களில் பார்க்லே, மனாயில்னு ரெண்டு கம்பெனிகள் ஈயச் சிப்பாய்களைச் செஞ்சு, பெட்டியா இல்லாம ஒண்ணு ஒண்ணா, பெரும்பாலும் அஞ்சு சென்ட்டுக்கு இந்தக் கடைகளுக்குக் கொடுத்தாங்க. பையன் கையில அஞ்சு சென்ட் இருந்தா ஒரு சிப்பாய். அடுத்த வாரம் இன்னொண்ணு. சேகரிப்பாளர்கள் மத்தியில அவங்களுக்கு 'டைம்ஸ்டோர் சிப்பாய்கள்'னே பேரு. பார்க்லே சிப்பாய்கள் சிலருக்குத் தகரத்துல தனியா ஒரு ஹெல்மெட் செஞ்சு தலையில மாட்டியிருப்பாங்க. இப்ப பழைய சாமான் சந்தையில அந்தத் தகர ஹெல்மெட் இருக்கா இல்லையாங்கிறதை வச்சுத்தான் விலையே. அப்பவே ஆளைவிட ஆக்சஸரிக்கு மவுசு!

1942இல் நிஜப் போருக்கு உலோகம் தேவைப்பட்டது. பொம்மைச் சிப்பாய் செய்ய ஈயம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. நிஜச் சிப்பாய் வந்து பொம்மைச் சிப்பாயைக் கொன்னது அநேகமா அந்த ஒரு தடவைதான்.

அந்தக் காலி இடத்துக்கு ஏற்கெனவே ஒருத்தன் தயாரா இருந்தான். நியூஜெர்சியில் பெர்ஜன் டாய் அண்ட் நாவல்டி, சுருக்கமா பீட்டன், 1938லேயே பிளாஸ்டிக் சிப்பாய்களைக் கொண்டுவந்திருந்தது. போர் முடிஞ்சு பாலிஎத்திலீன் மலிஞ்சதும் வெள்ளம் மாதிரி வந்தாங்க. பெயின்ட் அடிக்கிற செலவையும் தூக்கிட்டு, பிளாஸ்டிக்கையே ராணுவப் பச்சையில கலந்து ஊத்திட்டாங்க. 1995இல் வந்த டாய் ஸ்டோரி படத்துல வாளியில இருந்து குதிச்சு ஓடுவாங்களே, அந்தப் பச்சைப் பசங்கதான்.

இந்த இடத்துல லூயி மார்க்ஸ்னு ஒரு மனுசனைப் பத்திச் சொல்லியே ஆகணும். (கார்ல் மார்க்ஸுக்கு நேர் எதிர். பக்கா முதலாளி.) 1955 டிசம்பரில் டைம் பத்திரிகையோட அட்டையில படம் வர்ற அளவுக்குப் பெரிய ஆளு, பொம்மை ராஜான்னே சொல்லுவாங்க. சிப்பாய்களைத் தனியா விக்காம, கோட்டை, பங்கர், ஜீப், மரம், மணல்மூட்டை எல்லாம் சேர்த்து ஒரு பெரிய பெட்டியா 'ப்ளேசெட்'னு வித்தார். டாலர் கடை பாக்கெட்டில் அரை இஞ்ச் மணல்மூட்டையும் முள்கம்பியும் இன்னிக்கும் வருதுன்னா அது மார்க்ஸ் பெட்டியோட எச்சம். சுத்தி ஒரு போர்க்களம் இல்லாம சிப்பாய் சிப்பாய் இல்லேன்னு அந்த மனுசன் ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்துட்டார்.

பெரிய பெட்டி வாங்க முடியாத பசங்களுக்கு காமிக்ஸ் புத்தகத்தோட பின்பக்கம் இருந்தது. அந்த விளம்பரம் அமெரிக்காவில் ரொம்பப் பிரபலம். ஒரு டாலருக்கு 100 சிப்பாய்கள்! டாங்கி, கப்பல், விமானம் எல்லாம் சேர்த்து, ஒரு ராணுவப் பெட்டியோட! படத்துல பீரங்கி முழங்கும், சிப்பாய் பாய்வான். காசை அனுப்பிட்டு வாரக்கணக்கா வாசல்லயே உட்கார்ந்திருப்பானுங்க. வர்றது ஒரு சின்ன அட்டைப் பெட்டி. உள்ளே நூறு சிப்பாய் இருப்பாங்க, எண்ணிக்கையில பொய் கிடையாது. ஆனா எல்லாரும் கொடி அப்பளம் மாதிரி தட்டை. பக்கவாட்டுல திருப்பினா ஆளே காணாமப் போயிருவான். இப்ப எழுபது வயசு ஆன அமெரிக்கத் தாத்தாக்கள்கிட்ட இதைப் பத்திக் கேட்டா இன்னும் கோவமா பேசுறாங்க. பிரிட்டன் 1893இல் உள்ளே இருந்ததைக் காலி பண்ணினார்னா, இவங்க மூணாவது பரிமாணத்தையே காலி பண்ணிட்டாங்க.

இது வரைக்கும் சிப்பாயும் துப்பாக்கியும் ஒரே வார்ப்பு. துப்பாக்கியைக் கையிலருந்து பிரிச்சு, அதைத் தனியா காசாக்கினது 1964இல்.

ஸ்டான்லி வெஸ்டன்னு ஒருத்தர், பெண் குழந்தைகளுக்கு பார்பி மாதிரி பையன்களுக்கு உடை மாத்துற சிப்பாய் பொம்மை செஞ்சா என்னன்னு யோசிச்சார். ஹாஸ்ப்ரோ கம்பெனியில் டான் லெவின்கிட்ட போய்ச் சொன்னார். ஒரு லட்சம் டாலருக்கு ஐடியா கைமாறுச்சு. கிட்டத்தட்ட பன்னிரண்டு இஞ்ச் உயரம், 21 அசையும் பாகங்கள், பேரு ஜி.ஐ. ஜோ. ஷேவிங் ரேசர் வியாபாரம் மாதிரிதான் கணக்கு. ரேசரை ஒரு தடவை விக்கணும், பிளேடை ஆயுசுக்கும் விக்கணும். ஜோவை ஒரு தடவை வாங்கினா, அப்புறம் ராணுவ போலீஸ் சீருடை, நீர்மூழ்கி உடை, கூடாரம், மெஷின்கன்னு அப்பா பர்ஸுக்கு வேலை இருந்துக்கிட்டே இருக்கும்.

ஆம்பளைப் பசங்க 'டால்' வச்சு விளையாட மாட்டாங்களேன்னு கம்பெனிக்குள்ள அந்த வார்த்தைக்கே தடை. அதுக்காகக் கண்டுபிடிச்ச வார்த்தைதான் 'ஆக்‌ஷன் ஃபிகர்'. வேடிக்கை என்னன்னா, அப்ப அமெரிக்க சுங்கச் சட்டத்தில் டாலுக்கு ஒரு வரி, டாய்க்கு ஒரு வரி இருந்தது. வெளிநாட்டில் செஞ்சு இறக்குமதி பண்ற ஜோவை டால்னு சொல்லக் கூடாதுன்னு ஹாஸ்ப்ரோ அரசாங்கத்து மேல கேஸ் போட்டது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கையை விரிச்சிருச்சு. எவ்வளவு துப்பாக்கி மாட்டினாலும் ஜோ டால்தான்! பின்னாடி 2003இல் வேறொரு கம்பெனி எக்ஸ்-மென் உருவங்களுக்காக இதே மாதிரி வழக்காடி ஜெயிச்சது. எக்ஸ்-மென் மனுசங்க இல்லை, அதனால டால் இல்லைன்னு தீர்ப்பு. தமிழ்ல ரெண்டுமே பொம்மைதான். நம்ம ஊர் கோர்ட்டா இருந்தா தமிழ்ல வாதாடியே அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருக்கலாம்.

காப்பி அடிக்கிறவங்களைத் தடுக்கிறதும் ஹாஸ்ப்ரோவுக்குப் பெரிய தலைவலி. மனுச உடம்பை எவனும் எனக்கு மட்டும் சொந்தம்னு பதிவு பண்ண முடியாதே. அதனால ஜோவோட வலது கன்னத்துல ஒரு தழும்பைப் போட்டாங்க. வலது கை கட்டைவிரல்ல நகம் தப்பான பக்கத்துல, அதாவது உள்பக்கம் இருக்கும். முதல்ல அது தவறுதலா வந்தது. சரி, காப்பியைக் கண்டுபிடிக்க உதவும்னு அப்படியே விட்டுட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, பக்-ஐ ஃபீச்சர் ஆக்கிட்டாங்க.

இப்ப ஹாங்காங்குக்குப் போகணும், ஏன்னா கதை அங்கதான் திரும்புது.

டான் லெவின் கொரியப் போர்ல சண்டை போட்டவர். 1950இல் ஆரம்பிச்ச அந்தப் போர்ல அமெரிக்கப் படைக்கு எதிரா சீனப் படை வந்து இறங்குச்சு. பதிலடியா அமெரிக்காவும், 1951இல் ஐ.நா.வும் சீனா மேல வர்த்தகத் தடை போட்டாங்க. அதுல நேரடியா அடி வாங்கினது ஹாங்காங். சீனாவுக்குப் போற வர்ற சரக்குகளைக் கைமாத்தி விட்டுத்தான் அந்த ஊரு பிழைச்சுக்கிட்டு இருந்தது. துறைமுகத்துல வேலை இல்லை. இன்னொரு பக்கம், உள்நாட்டுப் போருக்குப் பயந்து சீனாவிலிருந்து வந்து குவிஞ்ச லட்சக்கணக்கான அகதிகள். அதுல ஷாங்காய் தொழிலதிபர்களும் இருந்தாங்க, கூலிக்கு எந்த வேலையும் செய்யத் தயாரா இருந்த ஏழைகளும் இருந்தாங்க. வேற வழியில்லாம ஊரே தொழிற்சாலை ஆச்சு. துணி, பிளாஸ்டிக் பூ, அப்புறம் பிளாஸ்டிக் பொம்மை. ஆசியாவிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருத்தரான லீ கா-ஷிங்கூட 1950இல் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டறையிலதான் ஆரம்பிச்சார். 1948இல் தொடங்கின கேடர்ங்கிற கம்பெனியும் இந்தக் கூட்டத்துல ஒண்ணு. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

சீனாவுக்கு எதிரா சண்டை போட்ட அமெரிக்கா போட்ட தடை ஹாங்காங்கைப் பிளாஸ்டிக் ஊராக்குச்சு. பதினஞ்சு வருசம்கூட ஆகலை, அந்தப் போர்ல சண்டை போட்ட ஒருத்தர் உருவாக்கின அமெரிக்கச் சிப்பாய் பொம்மைக்குச் சட்டை தைச்சது ஹாங்காங் பெண்கள். பழைய ஜோ சீருடைகள் பலதுல உள்ளே பட்டையைப் பார்த்தா 'மேட் இன் ஹாங்காங்'னு இருக்கும்.

வியட்நாம் போர் அமெரிக்க வீட்டு டிவிக்குள்ள வந்ததும் ராணுவப் பொம்மைக்கு மவுசு குறைஞ்சுது. 1970இல் ஜோ ராணுவத்தை விட்டுட்டு 'சாகசக் குழு'வா ஆனான், தாடியெல்லாம் வச்சுக்கிட்டான். 1973 எண்ணெய் நெருக்கடியில பிளாஸ்டிக் விலை ஏறுச்சு, ஆளு உயரம் குறைஞ்சான், கொஞ்ச வருசத்துல கடையை விட்டே காணாமப் போனான். 1978இல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மூணே முக்கால் இஞ்ச்சுல வந்து சக்கைப்போடு போட்டதும்தான் ஹாஸ்ப்ரோவுக்கு உயிர் வந்தது. 1982இல் அதே மூணே முக்கால் இஞ்ச்சுல ஜோ திரும்ப வந்தான். இப்ப அவன் ஒருத்தன் இல்லை, ஒரு கும்பல். ஒவ்வொருத்தனுக்கும் தனிப் பேரு, அட்டைக்குப் பின்னாடி ஜாதகம், மார்வெல் காமிக்ஸ், அப்புறம் டிவி கார்ட்டூன்.

கூடவே போலிகளும் வந்தாச்சு. டாலர் கடையில இன்னிக்குத் தொங்குறவங்க எல்லாரும் இந்த 1982 ஜோவோட வாரிசுகள்தான். ஒரிஜினல் ஜோவுக்கு இடுப்புக்குள்ள ஒரு ரப்பர் வளையம், முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்கும். போலிக்கு கழுத்து, ரெண்டு தோள், ரெண்டு தொடை, அஞ்சே இடம். இவங்கள்ல கொஞ்சம் மரியாதையான ஆளுங்க லனார்ட்ங்கிற ஹாங்காங் கம்பெனியோட 'தி கோர்', 1986இல் வந்தது. நாலஞ்சு உடம்பு, நாலஞ்சு தலை, மாத்தி மாத்திப் பொருத்தி, கலரை மட்டும் மாத்தி விட்டுக்கிட்டே இருப்பாங்க. நாங்க ஆபீஸ்ல பண்றது வேற என்னவாம்? அதை 'கோட் ரீயூஸ்'னு சொன்னா பதவி உயர்வு, இவங்க பண்ணினா போலி!

லனார்டுக்கும் ஹாஸ்ப்ரோவுக்கும் ஒரு வழக்கு நடந்தது. எனக்கு இந்த மொத்தக் கதையிலேயே பிடிச்ச இடம் அதுதான். 1983 ஜோ கும்பல்ல 'கங் ஹோ'ன்னு ஒரு மரைன் வீரன், மார்பு நிறைய பச்சை குத்தியிருப்பான். லனார்ட் தன் பொம்மைகளுக்கும் அதே பேரை வச்சது. ஹாஸ்ப்ரோ கோர்ட்டுக்குப் போச்சு. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹாஸ்ப்ரோ பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. சரி, 'கங் ஹோ'ன்னா என்ன? அது சீன வார்த்தை! 1930களின் கடைசியில் ஜப்பான் ஆக்கிரமிப்பின்போது சீனாவில் ஆரம்பிச்ச தொழில் கூட்டுறவுச் சங்கங்களோட பேரைச் சுருக்கினா 'கோங் ஹ'. அங்க சுத்திப் பார்த்த எவன்ஸ் கார்ல்சன்ங்கிற அமெரிக்க மரைன் அதிகாரிக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போய், 1942இல் தன்னோட படைப்பிரிவுக்கு அதையே முழக்கமா வச்சார். அப்படித்தான் அது ஆங்கிலத்துல ஒட்டிக்கிச்சு. ஆக, சீனத் தொழில் கூட்டுறவுச் சங்கத்தோட பேரை ஒரு ஹாங்காங் கம்பெனி அமெரிக்கச் சிப்பாய் பொம்மைக்கு வைக்கக் கூடாது, அது எங்களுதுன்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி ஜெயிச்சிருச்சு. கவுண்டமணி இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு நீங்களே கற்பனை பண்ணிக்குங்க.

இப்ப ஏழு துப்பாக்கிக்கு வருவோம். பிளாஸ்டிக் பொம்மையில விலையே இல்லாத பொருள் பிளாஸ்டிக்தான். குருணையா வரும், உருக்கி, அழுத்தி உள்ளே தள்ளி, ஆறவச்சு, தட்டி எடுத்தா முடிஞ்சது. காசு முழுக்க இரும்பு மோல்டுல. அதை வெட்டி எடுக்கத்தான் ஆயிரக்கணக்கான டாலர். ஒரு தடவை வெட்டிட்டா லட்சக்கணக்குல அடிக்கலாம். அதனால மோல்டை யாரும் தூக்கிப் போடறதில்லை. கம்பெனி திவாலாகும், மோல்டு திவாலாகாது. மார்க்ஸ் கம்பெனியை 1972இல் ஓட்ஸ் விக்கிற க்வேக்கர் வாங்குச்சு, அப்புறம் ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போச்சு, 1980இல் மொத்தமா மூழ்கிப்போச்சு. மோல்டுகள் மட்டும் கைமாறிக் கைமாறி, பல வருசம் கழிச்சும் சிப்பாய்களைத் துப்பிக்கிட்டு இருந்தன. வியட்நாம் காலத்து எம்-16 பிடிச்ச டிம் மீ கம்பெனி சிப்பாயைத்தான் உலகத்துலேயே அதிகமா காப்பி அடிச்சிருப்பாங்க. காப்பியை வச்சு அடுத்த காப்பிக்கு மோல்டு செய்வாங்க. ஒவ்வொரு தடவையும் மூக்கு கொஞ்சம் தேயும், விரல் எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கும், ஓரத்துல பிசிறு கூடும். போர் முடிஞ்சு அம்பது வருசம் ஆச்சு, அவன் இன்னும் அதே தொப்பியோட ஓடிக்கிட்டு இருக்கான், மூஞ்சிதான் இல்லை.

துப்பாக்கிகளும் அப்படித்தான். ஏழு துப்பாக்கியும் ஒரே மோல்டுல, ஒரே கொத்தா வரும். ரெண்டு பேர் பாக்கெட்டுக்கு ரெண்டு துப்பாக்கி மட்டும் அடிக்கணும்னா தனி மோல்டு வெட்டணும். கொத்தை அப்படியே உள்ளே போடறது லாபம். அந்தத் துப்பாக்கிகள்ல சிலது 80களின் ஜோ துப்பாக்கிகளோட காப்பி, சிலது வேற எதோ பெரிய பொம்மையோடது. கை ஒரு வம்சம், துப்பாக்கி இன்னொரு வம்சம். எப்படி நிக்கும்? ஒரே மூஞ்சிக்கும் காரணம் இதேதான்.

மோல்டு எவ்வளவு பெரிய முட்டுக்கட்டைங்கிறதுக்கு 2019இல் நடந்ததைச் சொல்லணும். ஆர்கன்சாஸில் ஆறு வயசுப் பெண் குழந்தை ஒண்ணு, பச்சைச் சிப்பாய்கள்ல ஏன் ஒரு பொண்ணுகூட இல்லைன்னு பொம்மை கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுச்சு. பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் ஊரில் இருக்கிற பி.எம்.சி. டாய்ஸ்ங்கிற சின்னக் கம்பெனி, சரி செய்யலாம்னு சொன்னது. உடனே முடிஞ்சிருச்சா? இல்லை. பொண்ணுன்னா புது உருவம், புது உருவம்னா புது மோல்டு. முதல்ல இணையத்துல மக்கள்கிட்ட முன்பணம் திரட்டி, அப்புறம்தான் 2020இல் பெண் சிப்பாய்கள் வெளிய வந்தாங்க. எண்பது வருசமா ஆம்பளைங்களை மட்டும் அடிச்சுக்கிட்டு இருந்ததுக்குக் கொள்கைன்னு பெருசா ஒண்ணும் தேவைப்படலை. பழைய இரும்பே போதும்.

பிளாஸ்டிக் இலவசம் மாதிரி, மோல்டு பழசு. அப்ப மிச்சச் செலவு எங்க? பெயின்ட் அடிக்கிற, கை கால் மாட்டுற, தைக்கிற, பாக்கெட்டுல போடுற கைகள்ல. அந்தக் கைகள் மலிவா கிடைக்கிற இடத்தைத் தேடித்தான் இந்தத் தொழில் இடம் மாறிக்கிட்டே வந்திருக்கு. ஹாங்காங்கில் கூலி ஏறினதும், 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமா ஆன ஷென்ஜெனுக்கும் சுத்துவட்டாரத்துக்கும் ஃபேக்டரிகள் நகர்ந்தன. சிலர் தாய்லாந்து போனாங்க. கேடர் அப்படித்தான் அங்க போய் ஒரு பொம்மை ஃபேக்டரி நடத்துச்சு, உள்ளூர் கூட்டாளிகளோட. பாங்காக்குக்குப் பக்கத்துல நகோன் பதோம். மேற்கத்திய நாடுகளின் பெரிய பெரிய பிராண்டுகளுக்கான பொம்மைகள்.

1993 மே 10ஆம் தேதி சாயங்காலம் நாலு மணி வாக்கில் கீழ்த்தளத்துல தீப்பிடிச்சது. நாலு மாடிக் கட்டடம். பிளாஸ்டிக், துணி, பஞ்சு எல்லாம் எல்லா மூலையிலும் அடுக்கியிருந்தது. அந்தக் கட்டடத்தில் எச்சரிக்கை மணி அடிக்கலை. ஒரு வாசல் பூட்டியிருந்ததா தப்பிச்சவங்க சொன்னாங்க. வேலை செஞ்சவங்க பெரும்பாலும் இளம் பெண்கள், கிராமத்துலருந்து வந்தவங்க. மேல்மாடி ஜன்னல்லருந்து குதிச்சாங்க. கட்டடத்தோட இரும்புத் தூண்களுக்குத் தீத்தடுப்புப் பூச்சு இல்லை, கொஞ்ச நேரத்துலேயே வளைஞ்சு கட்டடம் சரிஞ்சு விழுந்தது. 188 பேர் செத்துப் போனாங்க. அதே வருசம் நவம்பர் 19இல் ஷென்ஜெனில் இன்னொரு பொம்மை ஃபேக்டரியில தீ, ஜன்னலுக்கெல்லாம் கம்பி, 80 பேருக்கு மேல போயிட்டாங்க.

நான் இந்தப் பதிவைச் சிரிச்சுக்கிட்டே எழுத ஆரம்பிச்சவன். கன்னத்துல மீசை வச்ச சிப்பாயைப் பார்த்துச் சிரிச்சேன். இந்த ரெண்டு தேதியையும் படிச்சதுக்கு அப்புறம் அந்த மீசையை வேற மாதிரிதான் பார்க்க முடியுது. அது மெஷின் போட்ட கோடு இல்லை. ஓரம் பிசிறியிருக்கு, பிரஷ்ஷோட தடம் தெரியுது. நாள் முழுக்க ஆயிரக்கணக்கான மீசை வரைஞ்ச யாரோ ஒருத்தரோட கை ஒரு தடவை கொஞ்சம் நழுவியிருக்கு.

டாலர் கடைக்காரங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். டாலர் ட்ரீ 1986இல் 'ஒன்லி 1.00 டாலர்'ங்கிற பேருல ஆரம்பிச்சது. 2021 கடைசியில 1.25 டாலராக்குற வரைக்கும் முப்பத்தஞ்சு வருசம் எந்தப் பொருளா இருந்தாலும் ஒரு டாலருக்கு மேல கிடையாதுன்னு பிடிவாதமா இருந்தாங்க. விலை அசையாதுன்னா, பொருள்தான் அசையணும். எண்ணெய் விலை ஏறும், கூலி ஏறும், கப்பல் வாடகை ஏறும். அட்டையில இருக்கிற விலை மட்டும் ஏறாது. நாலு பேர் பாக்கெட் மூணு பேர் ஆகும், மூணு ரெண்டு ஆகும். பிளாஸ்டிக் மெலிசாகும். பெல்ட்டுக்கு அடிச்ச பெயின்ட் நின்னுபோகும், அப்புறம் பூட்ஸுக்கு. பணவீக்கத்தைப் புள்ளிவிவரத்துல பார்க்கிறவங்க பார்க்கட்டும், நான் ஒரு சிப்பாயோட பூட்ஸுல பார்த்துக்கிறேன்.

கடைசியா ஒரு டெக்னிக்கல் குறிப்பு, யாருக்காவது உபயோகப்படும். துப்பாக்கி நிக்காத சிப்பாயோட கையை நல்ல வெந்நீர்ல ஒரு நிமிஷம் முக்கி வச்சா பிளாஸ்டிக் இளகிடும். அப்ப விரல்களைத் துப்பாக்கியைச் சுத்தி அழுத்திப் பிடிச்சு, உடனே குளிர்ந்த தண்ணில விட்டா அப்படியே நின்னுரும். பொம்மை சேகரிக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தைதான். நேத்து ராத்திரி மீசைக்காரனுக்குச் செஞ்சு பார்த்தேன். ரெண்டாவது முயற்சியில நின்னுச்சு. இப்ப மானிட்டருக்குப் பக்கத்துல காவல் நிக்கிறான். மிச்சம் அஞ்சு துப்பாக்கி பேனா ஸ்டாண்டுல கிடக்கு. ஆறாவது ஃப்ரிட்ஜுக்கு அடியில போயிருச்சு, அதை எடுக்க ஸ்கேல் தேடிக்கிட்டு இருக்கேன்.